உள்ளேயிருந்து மூன்று தட்டு

இது நடந்தது. 2023 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்றரைக்கும் நாலேகாலுக்கும் இடையில், லண்டன் மனோர் பார்க்கில், சேர்ச் ரோட் முருகன் கோயிலிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் ஒரு வீட்டின் கூரைக்குள். வீட்டு நம்பரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். நான் அன்றைக்குக் குடித்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை. முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கியவன். நம்ப விருப்பமில்லாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு குறையும் இல்லை.

பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைத்திருந்தவன் நான். டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பது அதுகளுக்கும் தெரியும் போல.

என் பெயர் ஜீவரத்தினம். கூரை வேலைக்காரன். பிரான்சில் ஒன்பது வருடம், இங்கே பதினொரு வருடம் ஏணியில் ஏறி இறங்கிய கால்கள் இவை. உயரத்துக்குப் பயப்பட்டதில்லை. வேறு எதற்கும் பயப்பட்டதில்லை என்றுதான் சொல்லித் திரிந்தேன்.

மனோர் பார்க்கின் பழைய வரிசை வீடுகளின் மேல் கிடப்பது பெரும்பாலும் வேல்ஸ் நாட்டுச் சிலேட்டு. மலையை வெடி வைத்துப் பிளந்து, பாளமாக இறக்கி, உளியால் இதழ் இதழாக உரித்தெடுத்த கல். நூற்றிருபது வருடம் மழையில் நனைந்தும் அப்படியே கிடக்கும். அளவுக்கு அளவு பெயர் உண்டு. இருபதுக்குப் பத்து அங்குலம் என்றால் கவுன்டஸ். இருபத்திநாலுக்குப் பன்னிரண்டு என்றால் டச்சஸ். எல்லாம் பிரபுக்களின் பெண்டாட்டிமாருடைய பட்டங்கள். அந்தக் கல்லை உரித்து, தூசியைச் சுவாசித்து, இருமி இருமிச் செத்தவனின் பெண்டாட்டி பெயரில் ஒரு துண்டுகூடக் கிடையாது.

நல்ல சிலேட்டை விரல் முட்டியால் தட்டினால் மணி மாதிரி 'டிங்' என்று கேட்கும். உள்ளே கீறல் இருந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், 'டொக்'. கூரை வேலையில் முதலில் படிப்பது இதைத்தான்.

நாங்கள் மூன்று பேர் ஒரு குழு. நான், நிஷாந்தன், கணேசலிங்கம். ஒருவன் கூரைக்கு மேலே நிற்பான், ஒருவன் கூரைக்கு உள்ளே நிற்பான். கத்திப் பேசினால் கேட்காது. அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம். மேலே நிற்பவன் இரண்டு தட்டு தட்டுவான். 'பழுது எங்கே?' என்று அர்த்தம். உள்ளே நிற்பவன் பழுதான சிலேட்டுக்கு நேர் கீழே மூன்று தட்டு தட்டுவான். 'இங்கே.' மேலே இருப்பவன் வெண்கட்டியால், சோக்குத் துண்டால், குறுக்கும் மறுக்குமாக ஒரு புள்ளடி போடுவான். புள்ளடி விழுந்த சிலேட்டைப் பிறகு கழற்றி எறிந்துவிடுவோம்.

இந்தப் பழக்கம் எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். இதை மறந்துவிடாதீர்கள்.

அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை, தெற்கு லண்டன் சட்டனில் ஒரு கூரையிலிருந்து நிஷாந்தன் விழுந்தான். வீட்டைச் சுற்றிக் கம்பிச் சாரம் கட்டியிருக்கவில்லை. எங்களுக்கு வேலை தந்த கொன்ட்ராக்டர் சச்சிதானந்தன், சச்சி அண்ணை, 'ரெண்டு நாள் வேலைக்கு என்னத்துக்குச் சாரம்?' என்று சொல்லியிருந்தார். நிஷாந்தனுக்கு முள்ளந்தண்டு முறிந்தது. இனி நடக்க மாட்டான் என்றார்கள். அவனுக்கு வயது முப்பத்திநாலு.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நானும் கணேசலிங்கமும் நிஷாந்தனின் கையைப் பிடித்துச் சொன்னோம். சாரம் இல்லாமல் இனி ஒருத்தரும் ஏறுவதில்லை. விசாரிக்க வரும் பாதுகாப்பு அதிகாரியிடம் உள்ளதை உள்ளபடி சொல்வோம். சச்சி அண்ணை பதில் சொல்லும் வரைக்கும் அவருக்கு வேலை செய்வதில்லை.

நாலாம் நாள் சச்சி அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவன் இடுப்பில கட்டின பாதுகாப்புக் கயிறைத் தானே கழட்டினவன் எண்டு ஒரு வரி எழுதித் தா. இனி நீதான் சூப்பர்வைசர்."

"அண்ணை, அது..."

"உனக்கு என்னத்துக்கு அவன்ரை கதை?"

எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். அதற்கு வருகிறேன். அந்த ஒரு வரியால் பிழை முழுவதும் நிஷாந்தன் தலையில் விழுந்தது. சக்கர நாற்காலியில் இருப்பவனைப் பார்த்து, நீயே தேடிக்கொண்டது என்று சொல்லி வழக்கை மூடிவிட்டார்கள். கணேசலிங்கம் என்னோடு பேச்சை விட்டான். தெருவில் கண்டால் மறுபக்கம் கடந்து போவான்.

நான் சூப்பர்வைசர் ஆனேன்.

மனோர் பார்க் வீடு எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. பழைய சிலேட்டைக் கழற்றிவிட்டு மலிவான புதுக்கூரை போட வேண்டும். விற்கக்கூடிய நல்ல சிலேட்டு எத்தனை, பழுது எத்தனை என்று முதலில் பார்த்து வரச் சொன்னார் சச்சி அண்ணை. தனியாகப் போனேன். என்னோடு வர ஒருத்தரும் இல்லை.

வீட்டுக்காரப் பெண் ஸ்ரீநிதி. கோயம்புத்தூர். ஐடி வேலை, வீட்டிலிருந்தே செய்கிறவர்.

"பத்திரமா ஏறுங்க அண்ணா. மேல லைட் கிடையாது."

3:20க்கு வீட்டுக்குள் ஏணி வைத்துக் கூரைக்குள் ஏறினேன். பழைய கூரை. சிலேட்டுக்கு அடியில் துணியோ பலகையோ எதுவும் இல்லை. மரச்சட்டங்களுக்கு இடையில் சிலேட்டின் அடிப்பக்கம் அப்படியே தெரிந்தது. டோர்ச்சைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினேன். டிங். டிங். டிங். எல்லாம் முதல்தரம். சச்சி அண்ணைக்கு இனி வாயெல்லாம் பல்லாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

3:31க்கு அந்தச் சிலேட்டைக் கண்டேன். மற்றவற்றைப் போல ஒரு கவுன்டஸ்தான். அடிப்பக்கத்தில் ஆணியால் ஆழமாகக் கீறிய ஒரு வரி. ஆங்கில எழுத்துகள், ஆனால் ஆங்கிலம் இல்லை. எழுத்து உள்ளே பார்த்து இருந்தது. கூரைக்குள் நிற்பவன் மட்டும் வாசிப்பதற்காக வைத்த மாதிரி. தட்டிப் பார்த்தேன். டிங். படம் எடுத்து, கூரை வாசலால் குனிந்து ஸ்ரீநிதியிடம் போனைக் கொடுத்தேன். அவர் அதைத் தன் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தார்.

"வெல்ஷ் மொழியாம் அண்ணா. 'இந்த வீட்டில் துரோகி இல்லை'ன்னு வருது." சிரித்தார். "நல்ல வீடாத்தான் வாங்கியிருக்கேன்!"

நானும் சிரித்து வைத்தேன்.

திரும்பி வந்து பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினேன். ஒரு வாய் குடித்தேன். பல்லில் நறநறவென்றது. டோர்ச் அடித்துப் பார்த்தால், தேநீருக்கு மேலே சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசிப் படலம். புதுச் சிலேட்டை வெட்டும்போது பறக்குமே, அதே தூசி. அங்கே நான் ஒன்றையும் வெட்டவில்லை.

யாரோ இருமினார்கள்.

வறட்டு இருமல். நெஞ்சின் அடியிலிருந்து வருவது. பக்கத்து வீடு என்று நினைத்தேன். வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுத் தும்மல்கூடக் கேட்கும்.

மணி 3:47. போனைப் பார்த்தேன், அதனால் நிச்சயமாகத் தெரியும்.

கூரைக்கு மேலே, வெளியிலிருந்து...

டிங்... டிங்...

இரண்டு தட்டு.

எனக்கு முதலில் வந்தது சந்தோசம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. கணேசலிங்கம் கோபம் ஆறி வந்துவிட்டான் என்றே நினைத்தேன். வேறு யாருக்குத் தெரியும் எங்கள் தட்டு?

பழக்கதோஷம். கை தானாக மேலே போனது. தலைக்கு நேரே இருந்த சிலேட்டில் மூன்று தரம் தட்டினேன்.

டொக். டொக். டொக்.

அது அந்த எழுத்துச் சிலேட்டு. பதினாறு நிமிடத்துக்கு முன் மணி போல ஒலித்தது.

இப்போது 'டொக்'.

"லிங்கம்?" என்று கூப்பிட்டேன்.



கூரை வாசலுக்குத் தவழ்ந்து போய்க் கீழே குரல் கொடுத்தேன். "பிள்ளை, ஆரும் வந்தவையோ?"

"யாரும் வரலையே அண்ணா."

"வெளியில ஏணி நிக்குதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

அவர் முன்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு பின்கதவு. திரும்பி வந்தார்.

"ஏணியே இல்லண்ணா. கூரை மேலயும் யாரும் இல்ல. ஏன்?"

நான் சொல்வதற்குள் மேலே தொடங்கியது.

டிங்... டிங்... டிங்... டிங்...

கீழ் வரிசையில் இடமிருந்து வலம். அடுத்த வரிசையில் வலமிருந்து இடம். ஒன்றையும் விடாமல். அவசரம் இல்லாமல். தொழில் தெரிந்தவனின் கை.

ஒவ்வொரு வரிசையாக என்னை நோக்கி ஏறி வந்தது.

இறங்கியிருக்க வேண்டும். தட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

தலைக்கு மேலே வந்து நின்றது.

3:55.

அமைதி. தெருவில் பஸ் போகும் சத்தம்கூட இல்லை.

பிறகு... உள்ளே.

தண்ணீர்த் தாங்கியில் ஒரு தட்டு. டங்.

மரச்சட்டத்தில் ஒரு தட்டு. டக்.

என் கருவிப்பெட்டியில் ஒரு தட்டு. அது என் காலடியில் இருந்தது.

டோர்ச் அணைந்தது.

இருமல். எனக்குப் பின்னால். ஒரு முழம் தூரத்தில்.

என் பின்மண்டையில் ஒரு விரல் முட்டி...

டொக்.

மண்டை ஓட்டில் தட்டினால் வரும் சத்தம் இல்லை அது. கல்லின் சத்தம். கீறல் விழுந்த கல்லின் சத்தம். என் தலைக்குள்ளிருந்து வந்தது.

பிறகு முதுகில்.

சர்ர்ர்ர்...

வலது தோளிலிருந்து இடது இடுப்பு வரை. மெதுவாக.

சர்ர்ர்ர்...

இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை.

மேலே ஆணி இளகியது. கிரீச்...

சிலேட்டு கழன்றால் வெளியே சரிந்து தெருவில்தான் விழும். உள்ளே வர வழியே இல்லை, மரச்சட்டங்கள் மறிக்கும். அது உள்ளே வந்தது. என் காதை உரசிக்கொண்டு போய்த் தரை மரத்தில் கத்தி மாதிரிக் குத்தி நின்றது.

அடுத்த ஆணி.

அடுத்தது.

கத்தினேன். "அவன் கயிறைக் கழட்டேல்லை! நான் பொய் எழுதிப்போட்டன்! நிஷாந்தன் கழட்டேல்லை! அதிகாரியிட்டை உண்மையைச் சொல்லுறன்! சொல்லுறன்..."

நின்றது.

நின்றது என்பதைவிட, யோசித்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த இருட்டில் ஏதோ ஒன்று என்னை யோசித்துக்கொண்டிருந்தது.

டோர்ச் தானாக எரிந்தது. 4:09.

ஏணியில் பாதி இறங்கி மீதி விழுந்தேன். ஸ்ரீநிதி என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணா... முதுகுல என்ன அது?"

கறுப்பு ஜாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளையாகப் பெரிய புள்ளடி.

அடுத்த நாள் காலையிலேயே பாதுகாப்பு அதிகாரியிடம் போனேன். என் வாக்குமூலம் பொய் என்று எழுதிக் கொடுத்தேன். சாரம் கட்டவில்லை, கயிறு கொடுக்கப்படவில்லை, சச்சிதானந்தன் சொல்லித்தான் பொய் எழுதினேன் என்றேன். நிஷாந்தனின் வழக்கு திரும்ப உயிர் பெற்றது. சச்சி அண்ணை போனில் என்னைப் பேசிய பேச்சை எழுத முடியாது. அவர் மட்டும் தன் சொல்லை மாற்றவில்லை. அவன் தானே கழற்றினான் என்றே கடைசிவரை சாதித்தார்.

பழைய கூரைச் சாமான் வாங்கி விற்கும் யார்டு ஒன்றில் எம்லின் என்றொரு ஆள் எனக்குப் பழக்கம். வேல்சின் வடக்குப் பக்கத்துக்காரர். போனிலிருந்த படத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் தரம் பார்த்தார்.

அவர் ஊர்ப் பக்கம் 1900இல் ஒரு பெரிய சிலேட்டுக் குவாரியில் வேலைநிறுத்தம் நடந்ததாம். மூன்று வருடம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டினி. குவாரிக்குச் சொந்தக்காரப் பிரபு இறங்கி வரவில்லை. பசி தாங்காமல் சிலர் வேலைக்குத் திரும்பினார்கள். திரும்பாத வீட்டுக்காரர் தங்கள் ஜன்னலில் ஒரு அட்டை வைத்தார்கள், இந்த வீட்டில் துரோகி இல்லை என்று. ஜன்னலில் அட்டை இல்லாத வீடு எது என்று ஊருக்கே தெரிந்தது. நூற்றிருபது வருடம் ஆகியும் அந்தக் கதையை மறக்காத குடும்பங்கள் உண்டு என்றார். அந்த மூன்று வருடத்தில் துரோகிகள் வெட்டிய கல்லைத் தன் பாட்டனார் கையால்கூடத் தொட மாட்டாராம்.

"மனோர் பார்க் வீடு அந்த வருடங்களில் கட்டியது. அப்படியென்றால் வேலைக்குப் போன துரோகிதானே இந்தச் சிலேட்டை வெட்டியிருப்பான்?" என்று கேட்டேன். "அவன் ஏன் இதைக் கீற வேண்டும்?"

எம்லின் போனைத் திருப்பித் தந்தார். "தெரியாது. அவனைத் தேடி வந்தவன் கீறினானோ என்னவோ."

மனோர் பார்க் கூரையைச் சச்சி அண்ணை வேறு ஆட்களை வைத்துக் கழற்றினார். சிலேட்டுகளில் நல்லதாகப் பார்த்துத் தெரிந்தெடுத்து, வடக்கு லண்டன் எட்மண்டனில் தான் கட்டிக்கொண்டிருந்த சொந்த வீட்டின் முன்கூரைக்குப் போட்டார். அசல் வேல்ஸ் சிலேட்டு என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாராம்.

2024 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை பின்னேரம், அவர் முன்கதவைத் திறந்து வெளியே வந்தார். காற்று இல்லை. மழை இல்லை. ஒரே ஒரு சிலேட்டு விழுந்தது. கழுத்தில் விழுந்தது. அம்புலன்ஸ் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

செத்த வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அவருடைய மனைவி நகுலேஸ்வரி அக்கா என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார்.

"தம்பி, நீர் கூரை வேலை தெரிஞ்ச ஆள். இதைப் பாரும்."

கூரையில் சிலேட்டு கழன்ற இடத்தையும் விழுந்த சிலேட்டையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். கூரையின் நடு வரிசை. மேல் வரிசையைக் கழற்றாமல் அந்தச் சிலேட்டை எடுக்க ஏலாது. மேல் வரிசை அப்படியே இருந்தது. அந்தச் சிலேட்டைப் பிடித்திருந்த இரண்டு ஆணிகளும் மரத்தில் இறுகியபடி இருந்தன. சிலேட்டில் ஆணித் துளைகள் உடையவில்லை. அதன் அடிப்பக்கத்தில் மனோர் பார்க்கில் நான் கண்ட அதே வெல்ஷ் வரி.

"நாலைஞ்சு நாளா ஆரோ கூரையில தட்டினவை. இவர் பூனை எண்டவர்," என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்டைக்குப் போட்டிருந்த கோட்டுக்குப் பின்னால வெண்கட்டியால புள்ளடி கீறியிருக்கு தம்பி. ஆர் கீறினது?"

தெரியாது என்றேன்.

நல்லது என்று மனம் சொன்னது. மறைக்க மாட்டேன். நிஷாந்தனின் கால்களுக்கு அது சரியான பதில் என்று நினைத்தேன். எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது, நான் உண்மை சொல்லித் தப்பிவிட்டேன் என்றும் நினைத்தேன்.

போன வாரம் நிஷாந்தனின் வழக்குத் தாள்களின் நகல் ஒன்று எனக்கு வந்தது. அவன் விழுந்த நேரம் அதில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கமராவில் பதிவானது. பின்னேரம் 3:47.

தாள்கள் வந்த அன்றே என் வீட்டில் தட்டத் தொடங்கிவிட்டது.

நான் இருப்பது நாலு மாடிக் கட்டிடத்தின் இரண்டாம் மாடி. என் தலைக்கு மேலே கூரை இல்லை. கொங்கிரீட்டும் மேல்வீட்டுக்காரரின் தரையும்தான். கொங்கிரீட் ஒலிக்காது.

டிங்... டிங்...

ஒவ்வொரு நாளும் 3:47க்கு. இரண்டு தட்டு. பிறகு காத்திருக்கும்.

எதற்கு என்று எனக்குத் தெரியும். அதிகாரியிடம் 'கயிறு கொடுக்கப்படவில்லை' என்று சொன்னேன் அல்லவா? அதுவும் பொய். கயிறு ஒன்று இருந்தது. மூன்று பேருக்கு ஒன்று. நிஷாந்தன் கட்டியிருந்தான். "பத்து நிமிசம் தாடா, புகைபோக்கிப் பக்கம் ஏற வேணும்" என்று கேட்டு வாங்கியது நான். வேலை முடிந்த பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை. இடுப்பில் கட்டிக்கொண்டே சிகரெட் பிடித்தேன். சச்சி அண்ணை அந்த வரியைக் கேட்டபோது, சூப்பர்வைசர் வேலைக்காக மட்டும் நான் எழுதவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதினேன்.

நிஷாந்தன் இன்றுவரை இதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அந்தத் தாள்களை முழுக்க வாசித்தேன். கயிற்றை ஏன் கழற்றினாய் என்று ஆறு இடத்தில் கேட்டிருக்கிறார்கள். ஆறு இடத்திலும் 'ஞாபகம் இல்லை' என்றே சொல்லியிருக்கிறான். அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அந்த ஜாக்கெட்டை அப்போதே குப்பையில் போட்டுவிட்டேன். இன்று மத்தியானம் குளித்துவிட்டு வெளியே வந்தபோது என் மனைவி சாருஜா கேட்டாள்.

"என்னப்பா இது, முதுகில வெள்ளையா? தேய்ச்சாலும் போகுதில்லை."

இன்று செவ்வாய்க்கிழமை. இதை எழுதி முடித்ததும் நிஷாந்தன் வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மணி 3:46.

சமையலறையில் யாரோ இருமுகிறார்கள். சாருஜா கடைக்குப் போய்விட்டாள்.